செமி-ஹாலோ கிட்டார் வாங்குவது எப்படி: புளூஸுக்கும் ஜாஸுக்கும், கட்டுப்படியாகும் விலையில்

கடையில் கிட்டாரைக் கையில் கொடுத்ததும் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சொருகிவிடாதீர்கள். முதலில் ஃபோன் டார்ச்சைப் போட்டு, மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவத் துளைக்குள் பாருங்கள். கழுத்து சேரும் இடத்திலிருந்து வால்பக்கம் வரை, பிக்கப்களுக்கும் (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் காந்தப் பெட்டிகள்) பிரிட்ஜுக்கும் (உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) அடியில், ஒரு மரக்கட்டை சுவர்போல் ஓடுகிறதா? ஓடினால் அது செமி-ஹாலோ. எதிர்ப்பக்கத் துளைவரை உட்புறம் வெறுமையாகத் தெரிந்தால் அது முழு ஹாலோ. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

துளைக்குள் சரியாகத் தெரியாவிட்டால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். இரண்டு பிக்கப்களுக்கும் நடுவே தட்டினால் மேசையில் தட்டியதுபோல் கெட்டியான சத்தம் வர வேண்டும். அப்படியே ஓரத்துக்குப் போய்த் தட்டினால் சின்னப் பெட்டியின் கூடான சத்தம் வர வேண்டும். இரண்டு இடத்திலும் கூடாகவே ஒலித்தால் உள்ளே கட்டை இல்லை.

அந்தக் கட்டை எதற்கு

1958-ல் கிப்சன் நிறுவனம் ஈ.எஸ்-335 மாடலைக் கொண்டுவந்தபோது தீர்க்க நினைத்தது ஒரே சிக்கலைத்தான். முழு ஹாலோ கிட்டாரின் ஒலி இனிமையானது. ஆனால் ஆம்பின் சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றதிர்வில் மேல்பலகை ஆடத் தொடங்கும். பலகை ஆடினால் கம்பி ஆடும், கம்பி ஆடினால் பிக்கப் அதை மறுபடி ஆம்புக்கு அனுப்பும். இந்தச் சுற்று நிற்காமல் ஊளையிடுவதுதான் ஃபீட்பேக். நடுவில் மேப்பிள் கட்டையை வைத்ததும் பலகையின் ஆட்டம் அடங்கியது. பிரிட்ஜ் கெட்டியான மரத்தின்மேல் உட்கார்ந்ததால் ஸ்வரமும் நீண்டு நின்றது. இருபக்கச் சிறகுகள் மட்டும் கூடாகவே இருப்பதால் ஒலியில் கொஞ்சம் காற்றோட்டம் மிஞ்சியது.

புளூஸில் பி.பி. கிங்கும் ஜாஸில் ஜான் ஸ்கோஃபீல்டும் ஒரே வகைக் கிட்டாரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். கிங் வாசித்தது ஈ.எஸ்-355 குடும்பம், ஸ்கோஃபீல்டின் கையில் இருப்பது ஐபனேஸ் ஏ.எஸ்-200. நீட்டி இழுக்கும் ஒற்றை ஸ்வரமும் நாலு ஸ்வரம் நெருக்கமாகச் சேர்ந்து ஒலிக்கும் கார்டும் ஒரே கருவியில் கேட்க வேண்டுமானால், நடுக்கட்டை உள்ள கிட்டார்தான் பாதுகாப்பான வழி. கிராண்ட் கிரீன் போன்ற ஜாஸ் மேதைகள் ஈ.எஸ்-330-ல் வாசித்தார்கள், அது முழு ஹாலோ. வீட்டில் குறைந்த சத்தத்தில் ஜாஸ் மட்டும் வாசிப்பவருக்கு அதுவும் நல்ல தேர்வே. டிரம்ஸோடு சேர்ந்து புளூஸ் வாசிக்க ஆசையிருந்தால் வேண்டாம்.

எந்த மாடல்கள், பெயரில் என்ன சூட்சுமம்

ஐபனேஸின் ஆர்ட்கோர் வரிசையில் எழுத்துகளை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஏ.எஸ். என்றால் நடுக்கட்டை உள்ள செமி-ஹாலோ, ஏ.எம். என்றால் அதுவே சின்ன உடலில். ஏ.எஃப். என்றால் தடித்த முழு ஹாலோ. இணையத்தில் படம் பார்த்து ஏ.எஃப்-55 வாங்கிவிட்டு, சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது என்று தவிப்பவர்கள் உண்டு. கிட்டாரில் ஒரு கோளாறும் இல்லை, எழுத்துதான் மாறிப்போனது.

எபிஃபோனிலும் இப்படித்தான். ஈ.எஸ்-335-லும் அதைவிடச் சிறிய ஈ.எஸ்-339-லும் கட்டை உண்டு. கசீனோவில் கிடையாது. கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனரில் ஜி-2622 கட்டை உள்ளது, ஜி-2420 முழு ஹாலோ. ஸ்கொயர் அஃபினிட்டி ஸ்டார்காஸ்டரிலும் கட்டை உண்டு. பெரிய பிராண்டுகளில் விலைப்படியின் கீழ்ப்பகுதியில் நிற்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு மேல் ஐபனேஸ் ஏ.எஸ்-73, ஜி-2622, அதற்கும் மேல் எபிஃபோன் ஈ.எஸ்-339, ஈ.எஸ்-335, ஐபனேஸ் ஏ.எஸ்-93 என்று படி ஏறும். ஊருக்கு ஊர் வரியும் இறக்குமதிச் செலவும் வேறு என்பதால் இந்த வரிசை அங்கங்கே ஒரு படி மாறலாம்.

முதல் செமி-ஹாலோ வாங்குபவருக்கு எங்கள் ஓட்டு ஏ.எஸ்-73-க்கு. அதன் உடல் பெரிதாகத் தோன்றினால் ஈ.எஸ்-339-ஐப் பார்க்கலாம். 335 வகை உடலின் அகலம் 16 அங்குலம், அதாவது சுமார் 40 செ.மீ. குள்ளமானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் உட்கார்ந்து வாசிக்கையில் வலது தோள் தூக்கிக்கொள்ளும். பத்து நிமிடம் உட்கார்ந்து வாசித்தால் தோளே சொல்லிவிடும்.

ஸ்டார்காஸ்டரில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு) பிரிட்ஜ் வரையிலான கம்பி நீளம், அதாவது ஸ்கேல், அதில் 648 மி.மீ. மற்றவற்றில் 628 மி.மீ. அளவில் இருக்கும். கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பி, அதே சுருதி என்றால் குட்டை ஸ்கேலில் இழுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். புளூஸில் கம்பியைத் தள்ளிச் சுருதியை ஏற்றும் பெண்டுக்கு அந்த 6 சதவீதம் விரல் நுனியில் நன்றாகவே தெரியும். நீள ஸ்கேலில் பாஸ் கம்பிகள் தெளிவாக ஒலிக்கும் என்பது அதன் பக்கத்து நியாயம்.

உடல் லாமினேட் பலகை என்று விளம்பரத்தில் பார்த்துத் தயங்க வேண்டாம். 1958-ன் மூல 335-ம் லாமினேட்தான். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை ஃபீட்பேக்கைக் குறைக்கும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடற்கரை ஊர்களின் ஈரத்திலும் அது எளிதில் விரியாது.

ஆம்பில் சொருகுமுன்: மாற்ற முடியாததை முதலில் பார்க்க வேண்டும்

விலை குறைந்த கிட்டாரில் குறை இருப்பது சகஜம். எந்தக் குறையை அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம், எது கடைசிவரை கூடவே வரும் என்று பிரித்தறிய வேண்டும். கழுத்து உடலோடு ஒட்டியிருக்கும் கோணம் கடைசிவரை வருவது. அதனால் அதை முதலில் பாருங்கள்.

பிரிட்ஜை பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு திருகுத்தண்டுகளின் மேல் நிற்கும் அந்தப் பிரிட்ஜ் மேல்பலகையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தும், 12-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி உயரமாகவே இருக்கிறதா? அப்படியானால் இனி இறக்க இடமில்லை. கழுத்துக் கோணம் தவறு. இந்த வகையில் பெரும்பாலானவை செட் நெக், அதாவது கழுத்து பசையால் ஒட்டப்பட்டது. கழற்றி ஒட்டும் கூலி கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.

அடுத்து கழுத்தின் வளைவு. ஆறாவது கம்பியை (மிகத் தடித்தது) முதல் ஃபிரெட்டிலும் 17-ஆவது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 7, 8-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ. இருந்தால் சரி; சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு அங்கே உரசியபடி நுழைய வேண்டும். கூடுதலோ குறைவோ இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத்தண்டைத் திருகிச் சரிசெய்யலாம், கவலையில்லை. ஆனால் கழுத்தின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்தால் அது முறுக்கு. அதைச் சரிசெய்ய டிரஸ் ராடால் முடியாது.

பிறகு ஆறு கம்பியிலும் முதல் ஃபிரெட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு ஸ்வரமாக வாசியுங்கள். ஏதாவது ஒரு ஃபிரெட்டில் மட்டும் ஸ்வரம் ரீங்கரித்தால் அதற்கு அடுத்த ஃபிரெட் உயர்ந்திருக்கிறது என்று பொருள். ஒன்றிரண்டு என்றால் டெக்னீஷியன் தேய்த்துச் சமன்படுத்துவார். ஐந்தாறு இடத்தில் இருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். ஒரே மாடலில் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் இருக்கும் விலைப்பகுதி இது.

கழுத்தின் ஓரத்தை உள்ளங்கையால் நீவிப் பாருங்கள். ஃபிரெட் முனைகள் கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஏ.சி. ஷோரூமில் மாதக்கணக்கில் தொங்கும் கிட்டார்களில் இது அதிகம். சின்ன அரத்தால் தேய்த்தால் போய்விடும். விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட.

ஜி கம்பிச் சோதனை

இந்த வகைக் கிட்டாரில் பெரும்பாலும் தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்று ட்யூனர்கள் (சுருதி சேர்க்கும் திருகுகள்). நட்டைத் தாண்டியதும் நடுவிலுள்ள டி, ஜி கம்பிகள் (நாலாவது, மூன்றாவது) அதிகம் விலகிச் சாய்ந்து போகும். நட்டின் பள்ளம் சரியாக வெட்டப்படாவிட்டால் கம்பி அங்கே இறுகிக்கொள்ளும். கண்டுபிடிப்பது எளிது.

கிட்டாரைச் சரியாகச் சுருதி சேருங்கள். பி கம்பியின் (இரண்டாவது) ஐந்தாவது ஃபிரெட்டை வாசியுங்கள். அது ஈ ஸ்வரம். அதைக் காதில் வைத்துக்கொண்டு, ஜி கம்பியின் ஏழாவது ஃபிரெட்டை மூன்று விரலையும் சேர்த்து மேலே தள்ளி அதே ஈ வரை ஏற்றுங்கள். புளூஸில் ஆயிரம் தடவை வரப்போகும் பெண்ட் இது. இப்படி ஐந்து தடவை ஏற்றி இறக்கிவிட்டு, ஜி கம்பியைத் திறந்து மீட்டி, சுருதி காட்டும் கருவியில் பாருங்கள். சுருதி இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவே உள்ள கம்பித்துண்டை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சின்னதாக ஒரு "டிங்" கேட்டு, சுருதி பழைய இடத்துக்கே வந்துவிட்டால் குற்றவாளி நட்டின் பள்ளம்தான். பெண்டின்போது தலைப்பக்கத்திலிருந்து இழுபட்ட கம்பி திரும்பிப் போக முடியாமல் பள்ளத்தில் சிக்கியிருக்கிறது.

இதற்காக ட்யூனரை மாற்றப் புறப்படுபவர்கள் நிறையப் பேர். தேவையே இல்லை. பென்சில் முனையின் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பாதிக்குப் பாதி சரியாகும். மீதிக்கு நட் அரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பள்ளத்தை ட்யூனர் இருக்கும் திசைக்குச் சாய்த்து இழைக்கச் சொல்லுங்கள்.

அதே சாக்கில் பி கம்பியின் 12 முதல் 15-ஆவது ஃபிரெட் வரை ஒவ்வொன்றிலும் ஒரு முழு டோன் (இரண்டு ஃபிரெட் அளவு) பெண்ட் செய்யுங்கள். மேலே போன ஸ்வரம் சட்டென்று செத்தால் கம்பி அடுத்த ஃபிரெட்களில் இடிக்கிறது. ஆக்‌ஷனை (ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை) 0.2 மி.மீ. ஏற்றிப் பாருங்கள், அப்போதும் சாகிறது என்றால் ஃபிரெட் வேலை தேவை.

இப்போது ஆம்பில் சொருகலாம்

ஆம்பில் டிஸ்டார்ஷனும் ரிவெர்பும் வேண்டாம். கடைக்காரர் போட்டுக் காட்டும் எஃபெக்ட் எல்லாக் கிட்டாரையும் அழகாக்கிவிடும். பாஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள்.

ஜாஸுக்கான சோதனை மூன்று கார்டுகளில் அடங்கும். ஸ்விட்சை நெக் பிக்கப்புக்கு (கழுத்துப் பக்கம் இருப்பது) தள்ளி, டோன் குமிழை ஐந்துக்கு இறக்குங்கள். முதலில் ஜி மைனர் 7: ஆறாவது, நாலாவது, மூன்றாவது, இரண்டாவது கம்பிகளில் மூன்றாவது ஃபிரெட், ஐந்தாவதும் முதல் கம்பியும் ஒலிக்கக் கூடாது. அடுத்து சி 9: ஐந்தாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட், நாலாவது கம்பியில் இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது கம்பிகளில் மூன்றாவது ஃபிரெட். கடைசியாக எஃப் மேஜர் 7: ஆறாவது கம்பியில் முதல் ஃபிரெட், நாலாவது, மூன்றாவது கம்பிகளில் இரண்டாவது ஃபிரெட், இரண்டாவது கம்பியில் முதல் ஃபிரெட்.

முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது மேல் மூன்று ஸ்வரங்களில் ஒன்றே ஒன்றுதான் நகர்கிறது: நாலாவது கம்பியில் எஃப் அரை ஸ்வரம் இறங்கி ஈ ஆகிறது. ஜாஸ் ஹார்மனியின் உயிரே இப்படிப்பட்ட உள் நகர்வில்தான் இருக்கிறது. அந்த இறக்கம் காதில் தனியாக விழ வேண்டும். கார்டு மொத்தமும் கம்பளிக்குள் பேசுவதுபோல் மங்கிக் கேட்டால் பிக்கப் அந்த இடத்தில் பிரித்துக் காட்டவில்லை. உடனே ஒதுக்கிவிட வேண்டாம். விலை குறைந்த கிட்டார்களில் நெக் பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றி வைத்திருப்பார்கள். கடைக்காரரிடம் கேட்டு இருபுறத் திருகையும் இரண்டு சுற்று இறக்கிவிட்டு மறுபடி வாசியுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் நெக் பிக்கப்புக்கும் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பிக்கப்புக்கு 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்க அளவு.

புளூஸ் சோதனையில் வால்யூம் குமிழ்தான் முக்கியம். ஆம்பை லேசாகக் கரகரக்கும் வரை கூட்டி, கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்குங்கள். ஒலி சுத்தமாக வேண்டும், ஆனால் மங்கக் கூடாது. குமிழைத் திருப்பும்போது கரகர சத்தம் வந்தால் உள்ளே தூசி. காண்டாக்ட் கிளீனர் போதும். ஸ்விட்சை மூன்று நிலையிலும் பத்துத் தடவை மாற்றுங்கள். கேபிளை ஜாக்கில் மெதுவாக ஆட்டுங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் அதைக் கடைக்காரரே சரிசெய்து தரட்டும், ஏனென்றால்—

செமி-ஹாலோவின் வயரிங் ஒரு தனி வேலை

சாலிட் பாடி கிட்டாரில் பின்மூடியைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வரும். இங்கே பல மாடல்களில் பின்மூடியே கிடையாது. நாலு பாட்களும் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாகங்கள்) ஸ்விட்சும் ஜாக்கும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அப்படியே உள்ளே போக வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு பாட் தண்டிலும் நூலைக் கட்டிவிட்டு, பாட்டை உள்ளே இழுக்கும்போது நூலின் மறுமுனை வெளியே தொங்கும்படி விட வேண்டும். திருப்பிப் பூட்டும்போது அந்த நூலை இழுத்தால் பாட் தன் துளைக்கே வந்து நிற்கும். மீன்தொட்டிக் காற்றுக்குழாய்த் துண்டைத் தண்டில் மாட்டி இழுத்தாலும் நடக்கும். நூல் கட்டாமல் கழற்றிவிட்டால் அரைநாள் போய்விடும்.

அதனால் "பிக்கப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற நினைப்பில் சுமாரான எலெக்ட்ரானிக்ஸ் உள்ள கிட்டாரை வாங்குவது இந்த வகைக்குப் பொருந்தாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 500 கே பாட்களும் 0.022 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் கேளுங்கள். ஆசியத் தொழிற்சாலைக் கிட்டார்களின் பாட் தண்டில் வழக்கமாக 18 பற்கள், அமெரிக்க பாட்களில் 24. பழைய குமிழ் புதிய தண்டில் ஏறாமல் போவது இதனால்தான்.

ஜாக்கை இறுக்கிப் பிடிக்கும் திருகு நட் (கழுத்து முனையிலுள்ள நட் அல்ல) தளர்ந்தால் வெளியிலிருந்து ஸ்பேனரால் மட்டும் முறுக்காதீர்கள். உள்ளே ஜாக் முழுவதும் சேர்ந்து சுற்றி வயர் அறுந்துவிடும். உருண்டையான சின்ன அரத்தை ஜாக் துளைக்குள் இறுகச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள்.

பி-90 வகை ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள மாடல் பிடித்திருந்தால், வீட்டு மின்சாரத்தின் எர்த்திங்கையும் சேர்த்துப் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் இரைச்சலை அது அப்படியே பிடித்துக்கொள்ளும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று ரத்துசெய்துவிடும்.

பழையது வாங்கினால்

நட்டுக்குப் பின்னால், தலைப்பகுதி சாயும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடு தெரிந்தால் ஒருமுறை உடைந்து ஒட்டப்பட்டிருக்கலாம். நகத்தால் வருடும்போது தட்டினால் விலகுங்கள். மலிவாகக் கிப்சன் 335 கிடைக்கிறது என்றால் டிரஸ் ராட் மூடியைப் பாருங்கள். அசலில் இரண்டு திருகு. போலிகளில் பெரும்பாலும் மூன்று.

வீட்டுக்கு வந்ததும் செட்அப்

வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் செட்அப்புக்கும் (வாசிக்க ஏற்றபடி சீர்செய்வது) கம்பிக்கும் ஒதுக்கிவையுங்கள். 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பிக்கு அடியில் 2.0 மி.மீ., முதல் கம்பிக்கு அடியில் 1.6 மி.மீ. என்று தொடங்கலாம். டிரஸ் ராடைத் தொட்டால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். பிரிட்ஜை ஏற்றும்போது கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் திருகின் மறை தேயும்.

கம்பி விஷயத்தில் புளூஸும் ஜாஸும் கொஞ்சம் சண்டை போடும். 10-46 செட் (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) பெண்டுக்கு இதம். ஜாஸுக்குப் பலர் விரும்பும் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் 11-50, 12-52 செட்கள் உண்டு. அவற்றில் ஜி கம்பியும் சுற்றுக்கம்பியாக (மேலே மெல்லிய உலோகம் சுற்றியது) இருக்கும், முழு டோன் பெண்ட் செய்ய விரல் வலிக்கும். இரண்டும் வாசிக்கிறவர்கள் சாதாரண 11-49 செட்டில் தொடங்குவது நல்லது. 10-46-லிருந்து சுற்று ஜி உள்ள செட்டுக்கு மாறினால் இரண்டு வேலை சேர்ந்து வரும்: நட்டில் ஜி பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், பிரிட்ஜில் ஜி சேணத்தை (அந்தக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) நெக் பக்கம் நகர்த்தி இன்டோனேஷனை, அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக இருக்கிறதா என்பதை, மறுபடி பார்க்க வேண்டும். 12-ஆவது ஃபிரெட்டை அழுத்தி வாசித்த ஸ்வரம், அங்கேயே தொட்டு எடுக்கும் ஹார்மானிக்கைவிட ஏறிக் கேட்டால் சேணத்தைப் பின்னால் தள்ளுங்கள். இறங்கிக் கேட்டால் முன்னால்.

கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜும் வால்துண்டும் பிடிப்பில்லாமல் கழன்று பாலிஷ்மேல் விழும்.

ஆம்புக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. வீட்டுக்கு 8 அங்குல ஸ்பீக்கரோடு 20 வாட் போதும். டிரம்ஸோடு வாசிக்க 12 அங்குல ஸ்பீக்கரும் 50 வாட்டும் வேண்டும், ஜாஸ் கார்டு கரகரக்காமல் சுத்தமாக நிற்க அந்த இடம் தேவை. மேடையில் நடுக்கட்டையையும் மீறி ஊளை வந்தால் ஆம்புக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நகருங்கள், ஆம்பில் பாஸைக் குறையுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் எஃப் துளைகளில் கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டிச் செருகுங்கள். 1980-ல் கிப்சன் பி.பி. கிங்குக்காக வெளியிட்ட லூசில் மாடலில் எஃப் துளைகளையே வைக்காமல் விட்டது இதே ஊளையை அடக்கத்தான்.